சீட்டிலிருந்து சிகிச்சை வரை: கிராமத்துக் குழந்தைகளின் பல் நலம் காக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பள்ளிக்கூடத்தில் பல் மருத்துவ முகாம். குழந்தைகள் வரிசையில் வந்து வாயைத் திறந்து காட்டுகிறார்கள். சொத்தை இருப்பவர்கள் கையில் ‘மேல்சிகிச்சைக்குப் பரிந்துரைக்கப்படுகிறது’ என்று எழுதிய சீட்டு. சாயங்காலம் அம்மா அதைப் பிரித்துப் பார்க்கிறார். தாலுகா மருத்துவமனைக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகும். இரண்டு பஸ் மாற வேண்டும். போகிற அன்றைக்குப் பல் டாக்டர் இருப்பாரா என்பதும் தெரியாது. ‘பால் பல்தானே, விழுந்து முளைக்கும்’ என்று சீட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைக்கிறார். சில மாதம் கழித்து ஒரு ராத்திரி, குழந்தை கன்னம் வீங்கி அழும்போதுதான் அது நினைவுக்கு வருகிறது.

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சீட்டுக்கும் சிகிச்சை நாற்காலிக்கும் நடுவில் உள்ள தூரத்தைக் கடக்க அவருக்கு யாரும் துணை நிற்கவில்லை. பல் சொத்தை உலகம் முழுக்கக் குழந்தைகளை வாட்டும் நோய். பால் பல்லில் சொத்தை உள்ள குழந்தைகள் ஏறத்தாழ 51 கோடிப் பேர் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை சொல்கிறது. நம்மிடம் பல் மருத்துவர்கள் இருக்கிறார்கள், அரசுத் திட்டங்களும் இருக்கின்றன. ஆனால் மருத்துவர்களில் பெரும்பாலோர் நகரங்களில் இருக்க, குழந்தைகள் மலையடிவாரத்திலும் செங்கல் சூளை ஓரத்திலும் இருக்கிறார்கள்.

இந்த இரு தரப்பையும் சேர்த்து வைக்க ஊருக்குள் ஆள் வேண்டும். பள்ளி ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், மகளிர் சுயஉதவிக் குழுவினர், வார்டு உறுப்பினர், ஊருக்கு ஏதாவது செய்ய நினைக்கும் இளைஞர் என யார் வேண்டுமானாலும் தொடங்கலாம். மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றை மனதில் வைத்து, முதல் படியிலிருந்து சொல்கிறேன்.

## தொடங்கும் முன்: பால் பல்லைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஊரில் நீங்கள் முதலில் எதிர்கொள்ளப் போவது ‘விழப்போகிற பல்லுக்கு எதற்கு வைத்தியம்?’ என்ற கேள்வி. அதற்குப் பதில் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

பால் பல் நெடுநாள் இருக்கும். குழந்தைக்கு ஆறு மாத அளவில் முதல் பல் முளைக்கிறது. மூன்று வயதுக்குள் 20 பால் பற்களும் வந்துவிடும். முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழும். ஆனால் பின்னாலுள்ள பால் கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயது வரை நிற்க வேண்டியவை. நான்கு வயதில் அதில் சொத்தை வந்தால், இன்னும் ஆறேழு வருடம் குழந்தை அந்தப் பல்லோடுதான் மெல்ல வேண்டும், தூங்க வேண்டும், பாடம் படிக்க வேண்டும்.

பால் பல் இடம் பிடித்து வைக்கிறது. காலத்துக்கு முன்பே அதைப் பிடுங்கினால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். பிறகு வரும் நிரந்தரப் பல் கோணலாக முளைக்கக்கூடும்.

ஆறு வயதில் வரும் கடைவாய்ப் பல் நிரந்தரமானது. இது எந்தப் பால் பல்லும் விழாமல், கடைசிப் பல்லுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கும். பெற்றோர் பலர் இதையும் பால் பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். போனால் திரும்ப முளைக்காது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் மீது தனிக் கவனம் வேண்டும் என்பது இதனால்தான்.

## படி 1: ஊரைக் கணக்கெடுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் எத்தனை குழந்தைகள், எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று எழுதுங்கள். அதைவிட முக்கியம், பட்டியலில் வராத குழந்தைகள். சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் பெற்றோருடன் வந்து போகும் பிள்ளைகள், பள்ளிக்கு வராத மாற்றுத்திறன் குழந்தைகள், மலைக் கிராமத்திலிருந்து உண்டு உறைவிடப் பள்ளிக்குப் போய் விடுமுறைக்கு மட்டும் வீடு திரும்புபவர்கள். தேவை மிகுந்தவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். முகாம் நாளில் விடுபடுபவர்களும் இவர்களே.

அடுத்த பக்கத்தில் இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்.

- பல் சிகிச்சைப் பிரிவு உள்ள மிக அருகிலுள்ள அரசு மருத்துவமனை அல்லது மேம்படுத்தப்பட்ட ஆரம்ப சுகாதார நிலையம் எது?
- அங்கே பல் மருத்துவர் என்னென்ன கிழமைகளில், எத்தனை மணி வரை இருக்கிறார்?
- குழந்தைகளுக்குப் பல் அடைப்பது, வேர் சிகிச்சை ஆகியவற்றைச் செய்கிறார்களா, பிடுங்குவது மட்டும்தானா?
- ஊரிலிருந்து முதல் பஸ் எப்போது, திரும்பும் பஸ் எப்போது?

இவற்றைப் போனில் கேட்பதைவிட ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் போக வேண்டிய வழியை நீங்களே போய் வந்தால், எந்த இடத்தில் அவர் மனம் தளர்வார் என்பது தெரிந்துவிடும்.

## படி 2: ஏற்கெனவே உள்ள கதவுகளைத் தட்டுங்கள்

எல்லாவற்றையும் புதிதாக உருவாக்க வேண்டியதில்லை.

நடமாடும் மருத்துவக் குழு. மத்திய அரசின் ‘ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம்’ 2013-இல் தொடங்கியது. பிறப்பு முதல் 18 வயது வரையிலான குழந்தைகளுக்கானது. இதன் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும், அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வர வேண்டும். அவர்கள் பார்க்க வேண்டிய நோய்ப் பட்டியலில் பல் சொத்தையும் உண்டு. உங்கள் வட்டாரத்துக் குழு எந்த மாதம் வருகிறது என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் பரிந்துரைக்கும் குழந்தைகளைப் பார்க்க மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையம் உள்ளது.

மாநில அரசின் ‘புன்னகை’ திட்டம். பள்ளிச் சிறார் பல் பாதுகாப்புக்கென 2023-இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டது. உங்கள் பள்ளி இதில் இருக்கிறதா என்று தலைமை ஆசிரியர் வழியாகக் கேளுங்கள்.

பல் மருத்துவக் கல்லூரிகள். ஒவ்வொரு பல் மருத்துவக் கல்லூரியிலும் பொதுச் சுகாதாரப் பல் மருத்துவத் துறை என்று ஒன்று இருக்கும். ஊருக்கு வந்து பரிசோதிப்பது அவர்களது படிப்பின் பகுதி. சிகிச்சை நாற்காலி பொருத்திய வண்டியும் பல கல்லூரிகளில் உண்டு. தலைமை ஆசிரியரும் ஊராட்சித் தலைவரும் கையெழுத்திட்ட கடிதத்தோடு துறைத் தலைவரைப் போய்ப் பாருங்கள். கடிதத்தில் முகாமை மட்டும் கேட்காதீர்கள். ‘நீங்கள் கண்டுபிடிக்கும் சொத்தைகளுக்கு எப்போது, எங்கே சிகிச்சை கிடைக்கும்?’ என்பதையும் கேளுங்கள். இதற்குப் பதில் வராமல் முகாமுக்குத் தேதி குறிக்க வேண்டாம்.

## படி 3: ஐந்து பேர் கொண்ட குழு

பெரிய குழு கூட்டம் போடும், சின்னக் குழு வேலை செய்யும். ஓர் ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதார செவிலியர், சுயஉதவிக் குழுவிலிருந்து ஒருவர், பைக் வைத்திருக்கும் இளைஞர் ஒருவர். இந்த ஐந்து பேர் போதும். இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலராக இருந்தவர் ஊரில் இருந்தால் அவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த வீட்டில் எந்தப் பிள்ளை என்பது அவருக்கு அத்துப்படி.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் விஷயத்தை வைத்துத் தீர்மானமாக எழுதச் செய்யுங்கள். கிராம சபையிலும் பேசுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டால், ஆசிரியர் மாறுதலாகிப் போனாலும் வேலை நிற்காது.

## படி 4: பரிசோதனை நாள்

ஒரு வாரத்துக்கு முன்பே பெற்றோருக்கு ஒப்புதல் படிவம் கொடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். பரிசோதனைக்கு ஒப்புதல் வேறு, சிகிச்சைக்கு ஒப்புதல் வேறு. இரண்டுக்கும் தனித்தனியாகக் கையெழுத்து வாங்குங்கள். பெற்றோர் வேலைக்குப் போகாத நாளாகப் பார்த்து முகாமை வைத்தால், சொத்தையை அவர்கள் கண்ணுக்கே காட்டிப் பேசலாம்.

வெளிச்சமான வராந்தா, இரண்டு நாற்காலி, கையுறை, முகக்கவசம், ஒருமுறை பயன்படுத்தி எறியும் நாக்கு அழுத்தும் மரக்குச்சி, குப்பைக்குத் தனிப் பை. ஆரம்பப் பரிசோதனைக்கு இவை போதும். வாய்க்குள் பார்ப்பது மருத்துவரின் வேலை. தன்னார்வலர்கள் யார் வாயிலும் விரல் வைக்கக் கூடாது. ஒரு குழந்தைக்குப் பயன்படுத்திய எதையும் நுண்ணுயிர் நீக்காமல் இன்னொரு குழந்தைக்குப் பயன்படுத்தக் கூடாது.

முடிவை மூன்று வண்ணச் சீட்டாகக் கொடுக்கச் சொல்லுங்கள்.

- சிவப்பு: வீக்கம், சீழ், தூங்கவிடாத வலி. அன்றோ மறுநாளோ மருத்துவமனை போக வேண்டும்.
- மஞ்சள்: சொத்தை இருக்கிறது, வலி இல்லை. சில வாரங்களுக்குள் சிகிச்சை வேண்டும்.
- பச்சை: இப்போது நலம். பல் விளக்குவதைத் தொடர வேண்டும்.

சீட்டின் நகல் குழுவின் நோட்டில் ஒட்டப்பட வேண்டும். வீட்டுக்குப் போகும் சீட்டு தொலையலாம், நோட்டு தொலையக் கூடாது.

## படி 5: சீட்டுக்குப் பிறகுதான் வேலையே

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள்.

முகாம் முடிந்த மூன்று நாளுக்குள் சிவப்பு, மஞ்சள் சீட்டு உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் யாராவது போக வேண்டும். ‘ஏன் இன்னும் போகவில்லை?’ என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள். ‘போவதற்கு என்னம்மா இடைஞ்சல்?’ என்று கேட்டால் காரணம் வெளியே வரும். கூலி, பஸ் செலவு, வீட்டில் கைக்குழந்தை, ஊசி பயம், ஆஸ்பத்திரியில் யாரிடம் போய் என்ன கேட்பது என்ற தயக்கம். ஒவ்வொரு இடைஞ்சலுக்கும் ஒரு வழி உண்டு.

சேர்த்துக் கூட்டிப் போங்கள். ஆறேழு குழந்தைகளை ஒரே நாளில், ஒரே வண்டியில் அழைத்துப் போகலாம். எல்லாப் பெற்றோரும் வர முடியாவிட்டாலும் ஒப்புதல் கையெழுத்தோடு சிலராவது வர வேண்டும். சிகிச்சை பெறும் குழந்தையோடு அதற்குப் பழக்கமான பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும்.

நாளை முன்பே பேசி வையுங்கள். ‘வியாழக்கிழமை ஏழு குழந்தைகளோடு வருகிறோம்’ என்று பல் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட்டால், கூட்டத்தில் காத்திருந்து திரும்பி வரும் ஏமாற்றம் குறையும். முதல் பயணமே வீணானால் இரண்டாவது பயணத்துக்கு ஆள் கிடைக்காது.

சிகிச்சை முடியும் வரை நோட்டில் கோடு போடாதீர்கள். பால் பல் வேர் சிகிச்சைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை போக வேண்டியிருக்கும். ஒருமுறை போய் வலி நின்றதும் பலர் விட்டுவிடுவார்கள். வலி நின்றால் நோய் தீர்ந்துவிட்டதாகப் பொருளில்லை. சில சமயம் பல்லின் நரம்பு செத்துப்போனதாலும் வலி நிற்கும்.

## படி 6: ஊருக்கே வரக்கூடிய சிகிச்சைகள்

பல் சிகிச்சை என்றாலே மின்சாரம், துளைக்கும் கருவி, ஊசி என்றுதான் நாம் நினைக்கிறோம். அவை இல்லாமலே பள்ளி வராந்தாவில் பல் மருத்துவர் செய்யக்கூடிய சிகிச்சைகள் உண்டு. உங்களோடு வரும் மருத்துவரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

சில்வர் டயமைன் ஃபுளோரைடு. சொத்தையைச் சுத்தம் செய்து, உலரவைத்து, இந்தத் திரவத்தில் ஒரு சொட்டைத் தடவினால் சொத்தை மேலும் பரவாமல் நிற்க நல்ல வாய்ப்பு உண்டு. துளைக்க வேண்டாம், வலிக்காது. ஆண்டுக்கு இருமுறை தடவினால் பலன் கூடும். ஆனால் சொத்தை இருந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும். இதைப் பெற்றோரிடம் படம் காட்டி முன்பே சொல்லிச் சம்மதம் வாங்குவது கட்டாயம். சொல்லாமல் செய்தால் ‘பிள்ளை பல்லைக் கெடுத்துவிட்டார்கள்’ என்ற பேச்சு ஊர் முழுக்கப் பரவும், அடுத்த முகாமுக்கு யாரும் வரமாட்டார்கள். சீழ் பிடித்த பல்லுக்கும், வெள்ளி ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் இதைப் பயன்படுத்தக் கூடாது.

கைக்கருவியால் சுத்தம் செய்து அடைப்பது. 1980-களின் நடுவில் தான்சானியாவில் தொடங்கிய முறை. மெத்தென்று ஆகிவிட்ட சொத்தைப் பகுதியைக் கைக்கருவியால் சுரண்டி எடுத்து, கிளாஸ் அயனோமர் சிமென்ட்டால் அடைப்பார்கள். மின்சாரமில்லாத இடங்களுக்காகவே உருவானது.

ஃபுளோரைடு வார்னிஷ். சொத்தை வராமல் தடுக்கப் பல்லின் மேல் பூசுவது. ஒரு குழந்தைக்குச் சில நிமிடமே ஆகும்.

சீலன்ட். ஆறு வயதுக் கடைவாய்ப் பல்லின் மேலுள்ள ஆழமான பள்ளங்களை மூடும் மெல்லிய பூச்சு.

ஃபுளோரைடு பற்பசை, சில்வர் டயமைன் ஃபுளோரைடு, கிளாஸ் அயனோமர் சிமென்ட் ஆகியவற்றை உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ‘இது ஏழைகளுக்கான மட்டமான வைத்தியமோ’ என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

## படி 7: பள்ளியில் தினமும் பல் விளக்குதல்

சிகிச்சை எவ்வளவு கொடுத்தாலும், விளக்காத வாயில் சொத்தை திரும்ப வரும். பிலிப்பைன்ஸ் நாட்டுப் பள்ளிகளில் பிள்ளைகள் தினமும் கூட்டாகக் கை கழுவி, கூட்டாகப் பல் விளக்குகிறார்கள். ஸ்காட்லாந்தின் மழலையர் பள்ளிகளிலும் இப்படி ஒரு திட்டம் நடக்கிறது. நம் ஊரில் இதற்கு நல்ல நேரம், மதியச் சத்துணவுக்குப் பிறகு. எப்படியும் பிள்ளைகள் தட்டுக் கழுவக் குழாயடிக்குப் போகிறார்கள். அங்கேயே ஐந்து நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டால் போதும்.

கணக்கு எளிது. மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்குப் பட்டாணி அளவு பற்பசை, சுமார் கால் கிராம். 200 பள்ளி நாளுக்கு 50 கிராம். ஐம்பது குழந்தைகள் உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 100 கிராம் டியூப் 25. மூன்று மாதத்துக்கு ஒரு பிரஷ் என்றால் 200 பிரஷ். ஊர்த் திருவிழாவுக்கு நன்கொடை கொடுப்பவர்களில் ஒருவர் மனம் வைத்தால் முடிந்துவிடுகிற செலவு இது.

- பற்பசை வாங்கும்போது ஃபுளோரைடு இருக்கிறதா என்று அட்டையில் பாருங்கள். 1000 பிபிஎம் அளவு இருந்தால் நல்லது. மூலிகை என்று விற்கப்படும் பல பற்பசைகளில் ஃபுளோரைடு இருப்பதில்லை.
- மூன்று வயதுக்குக் கீழ் அரிசி அளவு போதும்.
- இரண்டு நிமிடம் விளக்கி, நுரையைத் துப்பினால் போதும். வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் பற்பசையின் பலன் கழுவிக்கொண்டு போய்விடும்.
- பிரஷ்ஷில் பெயர் எழுதி, ஒன்றோடொன்று தொடாமல், காற்றோட்டமாக நிறுத்தி வையுங்கள்.

பள்ளியில் விளக்குவது ஒருமுறை. படுக்கப் போகும் முன் வீட்டில் இன்னொருமுறை விளக்க வேண்டும். ஏழு, எட்டு வயது வரை பெரியவர்கள் பிடித்து விளக்கிவிட வேண்டும். சாம்பல், செங்கல் தூள், கரி மூன்றும் பல்லைத் தேய்த்துவிடும். வேப்பங்குச்சி, ஆலங்குச்சிப் பழக்கம் உள்ள பாட்டி தாத்தாவைக் கேலி செய்ய வேண்டாம். ‘குச்சி உங்களுக்கு, பேஸ்ட்டு பேரனுக்கு’ என்று சொல்லிப் பாருங்கள்.

## படி 8: தின்பண்டமும் தண்ணீரும்

இனிப்பை எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்பதைப் போலவே, எத்தனை முறை சாப்பிடுகிறார்கள் என்பதும் பல்லின் நலத்தைத் தீர்மானிக்கிறது. நாள் முழுக்க மிட்டாயை வாயில் அடக்கிவைத்திருந்தால், பல்லுக்கு எச்சில் செய்யும் பழுதுபார்ப்புக்கு நேரமே கிடைக்காது. சர்க்கரை கலந்த பாலைப் புட்டியில் ஊற்றி வாயில் வைத்தபடி தூங்க வைப்பது, குழந்தைகளின் மேல் முன்பற்கள் கரைந்துபோக முக்கியக் காரணம். அங்கன்வாடியில் தாய்மார்களிடம் முதலில் பேச வேண்டியது இதைப் பற்றித்தான்.

கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிகள் சொல்கின்றன. வாசலில் கடை போட்டிருக்கும் பாட்டியோடு சண்டை வேண்டாம். கடலை, சுண்டல், கொய்யா, நெல்லிக்காய் விற்க அவருக்கு உதவுங்கள்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பகுதிகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அங்கே பல இடங்களில் நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு அதிகம். பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் அதனால் வரும். விளக்காததால் வந்த அழுக்கு என்று அந்தப் பிள்ளைகளைத் திட்டுவது அநியாயம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இந்தப் பாதிப்பைக் குறைக்கத்தான். குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, 1.5-ஐத் தாண்டக் கூடாது. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதித்துக்கொண்டு, பற்பசை விஷயத்தில் மருத்துவர் சொல்படி நடங்கள்.

## அவசர நேரத்தில்

கீழே உள்ளதை எழுதிப் பள்ளிச் சுவரில் ஒட்டுங்கள்.

- கன்னமோ தாடைக்கு அடியிலோ வீங்கி, காய்ச்சலோடு வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாவிட்டால் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். தேவைப்பட்டால் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.
- மருந்துக் கடையில் தானாக ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது.
- விளையாடும்போது நிரந்தரப் பல் முழுதாகக் கழன்று விழுந்தால், வேரைத் தொடாமல் எடுத்து, தேய்க்காமல், பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் போக வேண்டும். விழுந்தது பால் பல் என்றால் திரும்பப் பொருத்தக் கூடாது. ஆனாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

## முதல் ஆண்டுக்கான திட்டம்

ஜூன், ஜூலை: கணக்கெடுப்பு, குழு, கடிதங்கள்.
ஆகஸ்ட்: சுதந்திர தினக் கிராம சபையில் பேச்சு, பள்ளியில் தினமும் பல் விளக்கத் தொடக்கம்.
செப்டம்பர்: பரிசோதனை, வண்ணச் சீட்டு.
அக்டோபர் முதல் ஜனவரி வரை: வீடு தேடிப் போதல், மருத்துவமனைப் பயணங்கள், பள்ளியிலேயே சிகிச்சை.
மார்ச்: மறுபரிசோதனை, வார்னிஷ் இரண்டாம் முறை.
ஏப்ரல்: நோட்டைத் திறந்து கணக்குப் பார்த்தல்.

## எதை எண்ணுவது?

முகாம் முடிந்ததும் ‘இத்தனை குழந்தைகளுக்குப் பரிசோதனை’ என்று பேனரில் போடுவார்கள். உங்கள் நோட்டில் வேறு எண் இருக்கட்டும். சிவப்பு, மஞ்சள் சீட்டு வாங்கிய குழந்தைகள் எத்தனை பேர், அவர்களில் சிகிச்சை முழுதாக முடிந்தவர்கள் எத்தனை பேர்? முதல் ஆண்டில் பாதிப் பேருக்குத்தான் முடிந்தது என்றால் மீதிப் பேரின் பெயரை அடுத்த ஆண்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சூளை வேலை முடிந்து வேறு ஊருக்குப் போய்விட்ட குழந்தையின் பெயரும் அதில் இருக்கட்டும். அடுத்த பருவத்தில் அந்தக் குடும்பம் திரும்பி வந்தால், முதலில் போக வேண்டிய வீடு அதுதான்.